பட்டை எங்கே உடைஞ்சுது? ஜீப்புக்கு அச்சு மாற்றும் முன் ஷேக்கிளைப் பாருங்க!

நம் அலுவலகத்துக்கு மண் மாதிரி வரும், பூச்சி அரித்த இலை வரும். ஒருமுறை பாலித்தீன் பையில் காண்டாமிருக வண்டு உயிரோடு வந்து சேர்ந்தது. போன மாதம் பஸ் பார்சலில் வந்ததோ, சாக்குத் துணியில் சுற்றிய ஒரு முழ இரும்பு. ஒரு முனையில் சுருட்டிய வளையம், மறுமுனை உடைந்த வாய். கூடவே நான்கு பக்கக் கடிதம்.

எழுதியிருந்தவர் கொல்லிமலை வாசகர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

‘சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம், ஊடே காபி. மூன்றரை ஏக்கர்தான். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் தடம். சோளக்காடு சந்தைக்குச் சரக்குப் போவதும், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போவதும் வீட்டிலிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்பில்தான். ஒரே வருஷத்தில் முன்பக்க மெயின் பட்டை மூன்று முறை உடைந்துவிட்டது. முதல் முறை பட்டையை மட்டும் மாற்றினோம். இரண்டாவது முறை, கூடுதலாக ஒரு பட்டை வைத்து, ஷேக்கிளையும் நீளமாக்கி, வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்படியும் உடைந்தது. அது போதாதென்று இப்போது இறக்கத்தில் ஸ்டீயரிங் கைக்கு அடங்குவதில்லை. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை எங்களுடையது. வீட்டில் பெண்கள் வண்டியில் ஏறவே பயப்படுகிறார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன், ‘முன் அச்சையே மாத்திடலாம்ப்பா. புதுப்பேட்டையில ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். பட்டையை அச்சுக்கு மேல உட்கார வெச்சா வண்டி நல்லா உசந்துடும், அப்புறம் எதுவும் உடையாது’ என்கிறான். இந்த வருஷ மிளகுப் பணம் மொத்தமும் அதற்குப் போய்விடும். செய்யலாமா? உடைந்த முதல் இரண்டு துண்டையும் ஆசாரியிடம் கொடுத்து அருவாள் அடித்துவிட்டேன். மூன்றாவதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.’

லாரிக்குப் பேர்போன நாமக்கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு, பட்டைக் கேள்வியைச் சென்னைக்கு அனுப்புகிறாரே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால், பேசி வைத்த அச்சு இங்கேதானே கிடக்கிறது? மகனுக்குப் போன் போட்டோம். தி.நகர் ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வார விடுமுறை நாளில் மாம்பலம் ஸ்டேஷனில் சந்தித்து, மின்சார ரயிலில் எழும்பூர் இறங்கி, இரும்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டைக்கு நடந்தோம்.

ஊரில் கழித்துக்கட்டிய வண்டிகள் கடைசியாக வந்து சேரும் இடம் புதுப்பேட்டை. கூவம் ஓரம், ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கதவு தனியாக, சீட்டு தனியாக, கியர் பாக்ஸ் தனியாகக் குவிந்து கிடக்கும். மகன் பேசி வைத்திருந்த அச்சு ஒரு கடை வாசலில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நல்ல கனம். பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். கடைக்காரர் விலையை ஆரம்பிப்பதற்குள், பக்கத்துப் பட்டறையில் பட்டை கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் நம் தோளில் இருந்ததைப் பார்த்துவிட்டார். அங்கே எல்லோரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“இன்னா சார், பட்டையைத் தூக்கினு சுத்தறீங்க? எங்க ஒடைஞ்சுது?”

“முன்பக்கம் பாய்.”

“அது தெரியுது. கண்ணாண்டயா, நடு போல்ட்டாண்டயா?”

அன்று நாம் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

வில் எப்படி வேலை செய்கிறது?

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வில் வண்டி தெரியும். கட்டை வண்டியில் இருசின்மேல் பாரம் நேராக உட்காரும். வில் வண்டியில் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். குழியில் சக்கரம் விழுந்தால் வில் வளைந்து கொடுக்கும், ஏறியிருப்பவர் இடுப்பு தப்பிக்கும். 1804-ல் லண்டனில் ஒபடையா எலியட் என்ற வண்டித் தச்சர் இந்த வில்லைக் கோச்சு வண்டிகளுக்குப் பொருத்திக் காட்டினார் என்பது வரலாறு. லாரி, ஜீப், டிராக்டர் டிரெய்லர் எல்லாவற்றிலும் இன்று இருப்பது அதே வில்லின் வாரிசுதான். டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டியில்கூட முன்னும் பின்னும் பட்டைதான்.

ஒரு மூங்கில் சிம்பை எடுத்து, வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு முனைகளையும் ஒரு பலகைமேல் வைத்து, நடுவில் மேலிருந்து... வேண்டாம், இன்னும் சுலபமாகச் சொல்கிறோம். வளைத்த சிம்பை நிமிர்த்தினால் முனைகள் இரண்டும் விலகிப் போகும், இல்லையா? பட்டையும் அப்படியே. பாரம் ஏறினாலோ கல்லில் சக்கரம் ஏறினாலோ வளைவு நிமிர்கிறது. நிமிர்ந்தால் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு உள்ள தூரம் கூடுகிறது. சேஸிஸின் நீளம் கூடாது. ஆகவே பட்டையின் ஒரு முனையை மட்டும் சேஸிஸில் நிலையாக மாட்டுகிறார்கள். மறுமுனையை ஊஞ்சல் மாதிரி ஆடும் ஒரு துண்டில் தொங்கவிடுகிறார்கள். அந்த ஊஞ்சல்தான் ஷேக்கிள்.

ஊஞ்சல் ஆடினால் பட்டை பிழைத்தது. ஆடாவிட்டால் நிமிர இடமில்லாமல் பட்டை தன்னையே முறுக்கிக்கொள்ளும். அந்த நோவு போய் விழும் இடம் கண்ணின் கழுத்து. நிலையான முனையிலும் புஷ்ஷுக்குள் பின் சுழல வேண்டும். அங்கே துருப்பிடித்து இறுகினாலும் இதே கதிதான்.

பாய் நம் துண்டை வாங்கி, உடைந்த வாயை வெயிலில் காட்டினார். முக்கால் பாகம் கருத்து, துருவேறி இருந்தது. மீதிக் கால் பாகம் மட்டும் புதுசாக, மணி மணியாகப் பளபளத்தது. “இந்தக் கறுப்பு பழைய விரிசல். மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஓடியிருக்கு. பளபளன்னு இருக்கறதுதான் கடைசியா ஒடைஞ்சது. ஒரே குழியில ஒடைஞ்சதுன்னு நெனைச்சுக்காதீங்க.” பிறகு கண்ணுக்குள் இருந்த புஷ்ஷைச் சுத்தியலால் தட்டினார். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். புஷ்ஷும் கண்ணும் ஒரே இரும்பாக ஒட்டிப்போயிருந்தன.

மலைக்குப் போன் போட்டோம். ‘ஐயா, இந்தத் துண்டு எந்த முனை?’ ‘பின்பக்கம் சார். ஷேக்கிள் இல்லாத பக்கம்.’ மூன்று முறை பட்டை மாற்றியதில் அந்த முனையின் பின்னையும் புஷ்ஷையும் யாராவது மாற்றினார்களா என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. ‘இல்லைங்க. பழைய புஷ்ஷையே தட்டி ஏத்தினாங்க.’

ஆக, மூன்று பட்டை உடைந்தது பட்டையின் குற்றமில்லை.

உடைந்த இடம் சொல்லும் சேதி

பாய் சொன்னதோடு நமக்குத் தெரிந்ததையும் சேர்த்துத் தருகிறோம். உங்கள் ஜீப், பிக்கப், டிரெய்லர் எதுவானாலும் பொருந்தும்.

கண்ணை ஒட்டி உடைந்தால் புஷ், பின், ஷேக்கிள் மூன்றையும் சந்தேகப்படுங்கள். சரியாக நடுவில், சென்டர் போல்ட் ஓட்டையில் உடைந்தால் யு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யு போல்ட்தான். சென்டர் போல்ட்டுக்குப் பட்டைகளை வரிசையாக நிறுத்தி, அச்சு நழுவாமல் இடம் காட்டுவது மட்டுமே வேலை. யு போல்ட் தளர்ந்தால் ஓட்டை உள்ள பலவீனமான இடத்தில் பட்டை வளைய ஆரம்பிக்கும். முதலில் சென்டர் போல்ட் வெட்டுப்படும். அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகரும். வண்டி நண்டு மாதிரிக் கோணலாக ஓடும். பின்னால் வருபவர் ‘உங்க வண்டி சாஞ்சு ஓடுதுண்ணே’ என்று சொன்னால் டயரைப் பார்க்காதீர்கள், யு போல்ட்டைப் பாருங்கள்.

மெயின் பட்டை மட்டும் உடைந்து, கீழே உள்ளவை நன்றாக இருந்தால், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கரம் குழியில் இறங்கிப் பட்டை எதிர்ப்பக்கம் துள்ளும்போது, அந்த நோவை எல்லாப் பட்டைக்கும் பங்கு வைப்பது கிளிப்தான். கிளிப் இல்லாவிட்டால் மெயின் பட்டை தனியாகச் சுமக்கும். நம் வாசகரின் வண்டியில் கூடுதல் பட்டை வைத்தபோது கட்டு தடித்துப்போய் கிளிப் எட்டவில்லை. கழற்றி எறிந்துவிட்டார்கள். மூன்றாவது பட்டை ஏன் முதல் இரண்டைவிடச் சீக்கிரம் போனது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே உள்ள குட்டைப் பட்டைகள் வரிசையாக உடைந்தால் அது பாரம்தான். பம்ப் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடைந்ததை வெல்டு வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். பட்டை என்பது எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றிய எஃகு. வெல்டு சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி மறுபடி உடையும். பதம் வாங்கும் இந்தக் குணத்தால்தான் திருப்பாச்சேத்தி அருவாளிலிருந்து நம் ஊர் ஆசாரி அடிக்கும் கொடுவாள்வரை வண்டிப் பட்டைக்கு அவ்வளவு மவுசு. உடைந்த பட்டைக்கு அருவாள் ஆவதுதான் மரியாதை. அந்த விஷயத்தில் கொல்லிமலைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

தூக்குக் குண்டு வைத்துப் பாருங்கள்

ஷேக்கிள் சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். வண்டியைச் சமதரையில் பாரமில்லாமல் நிறுத்துங்கள். ஷேக்கிளின் மேல் பின்னிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். கீழ்ப் பின், நூலுக்கு வெளியே, அதாவது அச்சுக்கு எதிர்த் திசையில் தள்ளி நிற்க வேண்டும். பட்டை நிமிர நிமிர இன்னும் வெளியே போகும். நூலோடு ஒட்டி நேராக நின்றால் எச்சரிக்கை. நூலுக்கு உள்ளே, அச்சைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சக்கரம் கல்லில் ஏறும்போது ஷேக்கிள் வெளியே ஆடாமல் உள்ளே மடங்கி சேஸிஸில் முட்டிக்கொள்ளும். அந்த நொடியில் அங்கே வில் இல்லை, வெறும் இரும்புத் தடிதான் இருக்கிறது.

அடுத்து, ஷேக்கிள் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, முன் பம்பர் மேல் இரண்டு பேர் ஏறி நின்று குதியுங்கள். கோடு நகர வேண்டும். வண்டி இறங்கியும் ஷேக்கிள் நகரவில்லை என்றால் உள்ளே இறுகிவிட்டது. மூன்றாவதாக, சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஷேக்கிள் மறுபக்கம் மடங்கிவிடக் கூடாது.

மலையிலிருந்து மறுநாளே பதில் வந்தது. பேரப்பிள்ளைகள் இருவரும் பம்பரில் ஏறிக் குதித்தார்களாம். வலது ஷேக்கிள் நூலோடு நேராக நிற்கிறது. இடது ஷேக்கிள் ஒரு விரற்கடை உள்ளே சாய்ந்திருக்கிறது. கோடு நகரவே இல்லை.

காரணம் அந்தக் கூடுதல் பட்டை. வளைவு அதிகமான பட்டையைச் செருகினால் மொத்தக் கட்டும் அதிகம் வளையும். வளைந்தால் கண்ணுக்குக் கண் தூரம் குறையும். குறைந்தால் ஷேக்கிளை அச்சுப் பக்கம் இழுத்துவிடும். பட்டையில் கை வைத்தால் ஷேக்கிள் மாறும். ஷேக்கிளில் கை வைத்தால் ஸ்டீயரிங் மாறும். ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கூடுதல் பட்டையைப் பற்றி ஒரு கணக்கு. ஏழு பட்டைக்கு எட்டாவதாக அதே தடிமனில் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். அது பரவாயில்லை. ஆனால், தடிமன் கூடினால் விறைப்பு மூன்று மடிப்பாகப் பெருகும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. பட்டை வைத்தால், அந்த ஒரு பட்டை மட்டும் சுமார் 2.4 மடங்கு விறைப்பாகிவிடும். ‘கொஞ்சம் கனமான பட்டையா போடுங்க’ என்று சொல்வதற்கு முன் இதை நினையுங்கள். விறைத்த வில் கல்லையும் குழியையும் விழுங்காது. அப்படியே சேஸிஸுக்கும் உங்கள் முதுகுக்கும் அனுப்பிவிடும்.

இறக்கத்தில் ஸ்டீயரிங் ஏன் ஆடுகிறது?

சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுப் பின்சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓடுகிறது. ஜீப்பின் முன் அச்சுக்கும் அதே சாய்வு உண்டு. காஸ்டர் என்பார்கள். பழைய ஜீப்புக்கு அது சுமார் 3 டிகிரிதான். பழைய ஜீப்பில் முன்பட்டையின் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. அதை நீளமாக்கினால் பட்டையின் முன்முனை கீழே இறங்கும். பட்டையோடு சேர்ந்து அச்சும் முன்பக்கம் உருளும். அந்த 3 டிகிரி கரையும். கரைந்தால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. வளைவில் ஒடித்த ஸ்டீயரிங்கை நாம்தான் ஒவ்வொரு முறையும் இழுத்து நிமிர்த்த வேண்டும். 70 வளைவில் இது எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இத்தனைக்கும் கிடைத்த உயரம் எவ்வளவு? ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் அச்சுக்கு மேலே வண்டி உயர்வது சுமார் 1 அங்குலம்தான். ஏனென்றால் தூக்குவது ஒரு முனையை மட்டுமே. நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டிலும் ஆடும். அந்த ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

சரி, அந்த அச்சு?

மகன் விடுவதாக இல்லை. “பாய், பட்டையை அச்சுக்கு மேல வெச்சா?” என்றார். பழைய ஜீப்பில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் அச்சுக் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து, ஷேக்கிளைத் தொடாமலே வண்டி ஐந்தாறு அங்குலம் உயரும். காட்டுத் தடப் பந்தயத்துக்கு வண்டி கட்டுபவர்கள் செய்வது இதைத்தான். தவறில்லை. ஆனால், அவர்கள் அத்தோடு செய்யும் மற்ற வேலைகளைப் பாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மகனின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

பட்டை உட்காரும் சீட்டை அச்சின் மேல்பக்கம் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். அதை முழுசாக வெல்டு வைப்பதற்கு முன், வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது காஸ்டர் சாய்வை அளந்து, புள்ளி வைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே பிசகினால் பிறகு ஆயுசுக்கும் இழுபறிதான். வண்டி உயர்ந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாயும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டீயரிங் தானாக வெட்டும். அதைத் திருத்த வேறு கை, வேறு ராடு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஷாஃப்ட் நீளமும் போதாமல் போகலாம். பிரேக் ஹோஸ், சக்கரம் தொங்கும்போது இழுத்துப் பிடிக்கும். ஒருநாள் பிய்யும், அது அநேகமாக இறக்கமாகத்தான் இருக்கும். பட்டை மேலே ஏறியதும் பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கி, பட்டை ‘எஸ்’ மாதிரி நெளியும். ஷாக் அப்சார்பரும் நீளமாக வேண்டும்.

“அதெல்லாம் இருக்கட்டும். பல்லை எண்ணினியா?” என்றார் பாய்.

மகன் விழித்தார். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே பல் விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். எட்டுப் பல் பினியனுக்கு 43 பல் கிரவுன் என்றால் விகிதம் 5.38. அதே எட்டுக்கு 39 பல் என்றால் 4.88. இரண்டுமே ஜீப்புகளில் வந்தவைதான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மாட்டி, நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஏற்றத்தில் அழுத்தினால், இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எது பலவீனமோ அது நொறுங்கும். அநேகமாக டிரான்ஸ்ஃபர் கேஸ். கடைக்காரரே மூடியைக் கழற்றிக் காட்டினார், எண்ணினோம். 39. மலையில் இருக்கும் வண்டியின் பின் அச்சு 43 என்று பிறகு தெரிந்தது. பின் அச்சையும் மாற்றினால்தான் இந்த முன் அச்சு உதவும். மிளகுப் பணம் ஒரு வருஷத்துக்கல்ல, இரண்டு வருஷத்துக்குக் காலி.

ஓரமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். 2010-ல் வந்த தார் ஜீப்பின் முன்பக்கம் முழு அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் ஆடும். பின்னால் மட்டும் பட்டை. ‘அதை எடுத்துவிட்டு முழு அச்சும் பட்டையும் போடலாமா?’ என்று போடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செய்பவர்கள் இருக்கிறார்கள். அது சேஸிஸில் புதிதாகப் பட்டைக் கொக்கிகளை வெல்டு வைக்கும் வேலை. மேலே சொன்ன அத்தனையும் அதற்கும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் முரணாக வண்டியின் அடிப்படையை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். தேய்ந்த பட்டை, புஷ், ஷேக்கிளை அதே அளவில் மாற்றுவதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வாங்கியது என்ன?

அச்சை அங்கேயே விட்டுவிட்டு, கூவத்தைத் தாண்டி அண்ணா சாலைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வந்தோம். ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோவுக்குப் புரியும். வண்டி உதிரி பாகங்களுக்கு அந்தச் சாலையை விட்டால் சென்னையில் வேறு போக்கில்லை. வழியில் சிம்சன் நிறுத்தம். 1840-ல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாக மதராஸில் தொடங்கியதுதான் சிம்சன். கோச்சு வண்டிக்கு வில் கட்டிய அந்தப் பெயர்தான் இன்று உங்கள் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரின் எஞ்சினில் இருக்கிறது.

இரண்டு மெயின் பட்டை, நான்கு கண்ணுக்கும் புஷ், பின், பழைய அளவு ஷேக்கிள் இரண்டு செட், புது யு போல்ட் நான்கு, சென்டர் போல்ட் இரண்டு. ஒரு பக்கம் மட்டும்தான் உடைந்தது என்றாலும், இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும். யு போல்ட்டைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது, இறுக்கி இறுக்கி மரை இழுபட்டிருக்கும். மொத்தச் செலவு, அந்த அச்சுக்கு மகன் கொடுக்க இருந்த முன்பணத்துக்குள் முடிந்துவிட்டது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பினோம். பழைய ஜீப்பில் ஷேக்கிள் ‘யு’ வடிவில், மரை வெட்டிய புஷ்ஷோடு வரும். அதில் கிரீஸ் நிப்பிள் உண்டு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிரீஸ் அடித்தால் சேறு வெளியே வந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள வண்டியென்றால் கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊறிப்போகும். ரப்பர் புஷ்ஷின் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். யு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கி, ஒரு நடை பாரம் ஏற்றி ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நடு ஓட்டையில் பட்டை உடைவதெல்லாம் அநேகமாக இதனால்தான்.

போன வாரம் கொல்லிமலையிலிருந்து போன் வந்தது. கூடுதல் பட்டையை எடுத்துவிட்டார்கள், கிளிப்பும் போட்டாயிற்று. தூக்குக் குண்டு நூலுக்கு ஒன்றரை விரற்கடை வெளியே ஷேக்கிள் நிற்கிறதாம். வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. வீட்டம்மா முன் சீட்டில் உட்கார்ந்து செம்மேடு வரை போய் வந்திருக்கிறார். இடது பக்கம் மட்டும் வண்டி அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. பழைய குட்டைப் பட்டைகளில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை நாமக்கல் இறங்கும்போது கட்டைப் பிரித்து, இடது வலது பட்டைகளின் வளைவை ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கழற்றிய அந்தக் கூடுதல் பட்டை ஆசாரி வீட்டில் இருக்கிறதாம். “உங்களுக்கும் ஒரு அருவாள் அடிச்சு அனுப்பட்டுங்களா?” என்று கேட்டார். பஸ் பார்சலில் மட்டும் வேண்டாம் என்றோம்.